கோதிக் எழுத்தின் அழகும் அரசியலும்

எமது பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு வேண்டிய சான்றிதழ்களை மேல்வகுப்பு மாணவன் ஒருவன் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தான். ஆங்கிலத் தலைப்பு வரியைச் சரிவாகச் சீவிய மூங்கிற் பேனாவினால், கோணமும் கூர்மையும் மிக்க அந்தப் பழைய எழுத்திலே நிதானமாகத் தீட்டினான். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. அருகில் நின்ற இன்னொருவன் எம்மைப் பார்த்து, “இது ஹிட்லரின்ரை எழுத்தெல்லோ சேர்? எங்கடை சேட்டிபிக்கற்றிலை ஏன் போடுறியள்?” என்று கேட்டுவிட்டான். எழுதிக்கொண்டிருந்தவனின் கை நின்றுவிட்டது.

அக்கேள்விக்கு நாம் அன்று விடை கூறவில்லை. ஒரு வாக்கியத்தில் அடங்கக்கூடிய விடை எம்மிடம் இருக்கவுமில்லை. போர்க்காலத்தைச் சித்திரிக்கும் திரைப்படங்களிலே இவ்வெழுத்தையும் சுவஸ்திகைச் சின்னத்தையும் அருகருகே கண்டு பழகிய இளைஞனுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுவதில் வியப்பில்லை. இன்றைய பாசிசக் கும்பல்கள் சிலவும் தம் கொடிகளிலும் உடம்பிற் குத்திய பச்சையிலும் இதனைப் பொறித்துக்கொண்டு திரிகின்றன. ஆயின், இதே எழுத்துத்தான் நத்தார் வாழ்த்து மடல்களிலும், பட்டச் சான்றிதழ்களிலும், நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் முகப்பிலும் காணப்படுகின்றது. வைத்தியரும் சட்டத்தரணியும் தம் சுவரிலே கண்ணாடியிட்டு மாட்டிவைத்திருப்பதும் இதனையே. ஒரே எழுத்து இத்தனை வேடம் புனைவதெங்ஙனம்? அதன் பிறப்பிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே சார்ள்மேன் பேரரசனின் ஆட்சிக்காலத்தில் மேற்கு ஐரோப்பாவிலே தெளிவான, உருண்டையான ஒரு சிற்றெழுத்து வழக்கு வளர்ந்தது. கரோலிங்கிய எழுத்து என்று அதனைக் கூறுவர். மடாலயங்களிலே அமைதியாக அமர்ந்து எழுதிய துறவிகளின் எழுத்து அது. வரிகளுக்கிடையே தாராளமாக வெளிவிடப்பட்டிருந்தது. அவசரம் என்பது அதிலே இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே நிலைமை மாறியது. நகரங்கள் வளர்ந்தன. வணிகம் பெருகியது. பொலோஞாவிலும் பாரிசிலும் ஒக்ஸ்பேர்ட்டிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. சட்டமும் மருத்துவமும் இறையியலும் கற்க வந்த மாணவருக்கு நூல்கள் வேண்டியிருந்தன. மடாலயத்துத் துறவியர் மட்டுமே எழுதி அத்தேவையை நிறைவுசெய்தல் இயலாதாயிற்று. கூலிக்குப் படியெடுக்கும் ஒரு தொழிலாளர் கூட்டம் நகரங்களிலே உருவாகியது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பாரிசு நகரத்து நூல் வணிகர் மூலநூலொன்றைச் சிறு சிறு கட்டுகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டனர். ஒரு கட்டை ஒருவர் படியெடுத்துக்கொண்டிருக்க, அடுத்த கட்டை இன்னொருவர் படியெடுக்கலாம். ஆலைத் தொழிலின் வேலைப்பிரிவினையை நாம் இதிலே முன்கூட்டியே காண்கின்றோம்.

எழுதப்பட்டதோ ஆட்டின் தோலிலும் கன்றின் தோலிலும். பெரிய நூலொன்றுக்கு ஒரு மந்தையே வேண்டும். எனவே எழுத்துகள் நெருங்கின. உருண்டை வடிவங்கள் பக்கவாட்டிலே ஒடுங்கி நிமிர்ந்தன. சொற்கள் சுருக்கக்குறிகளாகத் தேய்ந்தன. வரிகள் ஒன்றன்மேலொன்று ஏறி அமர்ந்தன. வடபிரான்சிலும் அதனைச் சூழ்ந்த பிரதேசங்களிலும் இங்ஙனம் உருவாகியதே கோதிக் எழுத்து. தோல் மிச்சப்பட்டமையே இதற்கு ஒரே காரணம் என்று நாம் கூற வரவில்லை. அக்காலத்துத் தேவாலயங்களின் கூர்நுனி வளைவுகளிலே ஈடுபட்ட அதே கண் எழுத்திலும் கூர்மையை விரும்பியிருக்கலாம். இத்தாலியர் அதே தோலில் எழுதியபோதும் தம் எழுத்தைச் சற்று உருண்டையாகவே வைத்துக்கொண்டனர். எனினும், பொருளாதார நெருக்கம் தொடங்கிவைத்த ஒன்றைக் கைத்திறன் அழகாக்கியது என்று கொள்ளுதல் தவறாகாது.

இவ்வழகின் இரகசியம் பேனாவில் இருக்கின்றது. வாத்தின் இறகை நுனியிலே அகலமாக வெட்டினால், அது கூர்நுனிப் பேனாவைப்போல எத்திசையிலும் ஒரே தடிப்பில் எழுதாது. காகிதத்தோடு ஏறக்குறைய 45 பாகைச் சரிவில் அந்நுனியை வைத்துக் கீழ்நோக்கி இழுத்தால் தடித்த கோடு விழும். நுனியின் விளிம்பு நோக்கும் திசையிலேயே நகர்த்தினால் மயிரிழை விழும். கோட்டைத் தொடங்கும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் சாய்சதுரம் ஒன்று தானாகவே பிறக்கும். ஆகவே கோதிக் எழுத்தின் அலங்காரம் பின்னர் கொண்டுவந்து ஒட்டப்பட்டதன்று. கருவியைக் கோணம் மாறாது பிடித்த கையினின்றும் அது வந்தது. எமது மாணவன் முதல்நாள் எழுதியபோது பேனாவைக் கையிலே சுழற்றிச் சுழற்றிப் பார்த்தான்; ஒன்றும் சரிவரவில்லை. சுழற்றாது பிடி என்று சொன்னோம். அரைமணி நேரத்தில் எழுத்துத் தானே நிமிர்ந்தது.

இவ்வகையிலே மிகவும் முறைமையானதை ‘டெக்ஸ்தூரா’ என்பர். நெசவு என்னும் பொருளைத் தன்னகத்தே கொண்ட சொல் அது. பெயருக்கேற்பவே, முழுப்பக்கத்தைச் சற்றுத் தூரத்தில் வைத்து நோக்கினால் எழுத்துகள் மறைந்து கறுப்பும் வெள்ளையும் ஒரே சீராக ஊடும் பாவுமாக ஓடும் ஒரு துணி தென்படும். கோடும் கோடும் ஒரே இடைவெளியில். எழுத்தின் உட்புற வெளியும் எழுத்துக்கு எழுத்து விட்ட வெளியும் ஒரே அளவில். பன்னப்பாய் இழைக்கும் எமது பெண்கள் ஓர் ஓலைக்கும் அடுத்த ஓலைக்கும் இடையே காட்டும் அதே ஒழுங்கு. இதற்கு விலையும் கொடுக்கவேண்டியிருந்தது. இலத்தீன் எழுத்துகளாகிய ஐ, எம், என், யூ என்பவை யாவும் ஒரேவகை நிமிர்கோடுகளாகிவிட்டன. ‘மினிமம்’ என்னும் இலத்தீன் சொல்லை டெக்ஸ்தூராவில் எழுதினால் பதினைந்து நிமிர்கோடுகள் வேலிக் கதியால்போல வரிசையாய் நிற்கும். எது எவ்வெழுத்தென்று கண்டறிதல் வாசிப்பவனின் தலைவிதி. இதனாலேயே ஐ என்னும் எழுத்தின் தலையிலே சிறு கீற்றொன்று இடப்பட்டு, அதுவே பின்னர் புள்ளியாயிற்று. எமது முன்னோர் ஓலை கிழியும் என்றஞ்சி மெய்யெழுத்தின் புள்ளியைக் கைவிட்டனர் என்பர். அங்கே வாசகனுக்காகப் புள்ளி வந்தது. இங்கே ஓலைக்காகப் புள்ளி போனது. எழுத்தின் வரலாற்றை எழுதுபொருளின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்குவோர் இத்தகைய செய்திகளை எங்ஙனம் விளக்குவரோ அறியோம்.

‘கோதிக்’ என்னும் பெயர் ஒரு வசைச்சொல். கோத்தர் என்னும் பண்டைய ஜேர்மானிய இனத்தவருக்கும் இவ்வெழுத்துக்கும் யாதொரு தொடர்புமில்லை. இது பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவ்வினம் வரலாற்றினின்றும் மறைந்துவிட்டது. இத்தாலிய மறுமலர்ச்சிக் கால அறிஞர் தமக்கு முந்திய காலத்தை இருண்டதெனக் கருதினர். உரோமைச் சூறையாடிய காட்டுமிராண்டிகளின் பெயரை அக்காலத்துக் கலைக்குச் சூட்டினர். கவிஞர் பெத்ரார்க்கா, தம் காலத்து எழுத்துக் கண்ணுக்குத் தூரத்தில் இன்பமும் அருகில் துன்பமும் தருவதாகக் குறைப்பட்டவர். அவருக்கு முதுமையிலே கண் மங்கியிருந்ததையும் நாம் கருத்திற்கொள்ளவேண்டும். அவ்வறிஞர்கள் பண்டை உரோமரின் தூய எழுத்தைத் தேடி, பழஞ்சுவடிகளிலே தாம் கண்ட உருண்டை எழுத்தை மீட்டெடுத்து, அதற்கு ‘அந்திக்குவா’, அதாவது தொன்மையானது, என்று பெயரிட்டனர். அவர்கள் கண்டெடுத்ததோ உரோமரின் எழுத்தன்று. சார்ள்மேன் காலத்துத் துறவிகளின் கரோலிங்கிய எழுத்தே அது! உரோமையின் வாரிசு எனக் கொண்டாடப்பட்ட எழுத்தும், காட்டுமிராண்டியின் எழுத்தென இகழப்பட்டதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. தூய்மை பேசுவோர் எந்நாட்டிலும் தம் வம்சாவளியைச் சரியாகப் படிப்பதில்லைப் போலும்.

இனி அச்சுக்கலைக்கு வருவோம். மைன்ஸ் நகரத்திலே யொஹான்னஸ் கூட்டன்பேர்க் 1455 அளவில் நிறைவுசெய்த விவிலியம் டெக்ஸ்தூரா எழுத்திலேயே அமைந்தது. பெரும்பாலான பக்கங்களில் இரு பத்திகளாக 42 வரிகள். ஏறத்தாழ 180 பிரதிகள். அவற்றுட் கால்வாசியளவு தோலிலும் எஞ்சியவை காகிதத்திலும் அச்சாயின. கையெழுத்தின் நெசவை ஈயத்திலே கொண்டுவருவதற்காக அவர் ஏறக்குறைய 290 வகை அச்சுருக்களை வார்த்தார். ஒரே எழுத்துக்கே ஒடுங்கியதும் அகன்றதுமாகப் பல வடிவங்கள், இணைந்த எழுத்துகள், சுருக்கக்குறிகள் ஆகியன அவற்றுள் அடங்கும். வரியின் வலப்பக்கம் ஒரே நேர்கோட்டில் முடிவது இவற்றாலேயே இயன்றது. இன்றும் அப்பக்கங்களுக்கு நிகரான அழகுடைய அச்சுப்பக்கம் அரிது.

இந்த அழகுக்குப் பின்னால் ஒரு கடன் பத்திரமும் உண்டு. யொஹான் பூஸ்ட் என்னும் செல்வர் இரு தடவைகளில் 1600 குல்டன் நாணயங்களை இம்முயற்சிக்குக் கொடுத்திருந்தார். வேலை முடியுந் தறுவாயிலே, வட்டியும் முதலுமாக 2026 குல்டன் தரவேண்டுமென வழக்குத் தொடுத்தார். 1455 நவம்பர் 6ஆந் திகதியிட்ட சாசனம் ஒன்று இவ்வழக்குக்குச் சான்றாக இன்றும் எஞ்சியுள்ளது. அச்சுக்கூடத்தின் பெரும்பகுதி கடன்கொடுத்தவரின் கைக்குப் போயிற்று. பூஸ்ட்டும், முன்னர் பாரிசிலே படியெடுப்பவராக இருந்த பேதுரு ஷோஃபரும் 1457இல் வெளியிட்ட சங்கீத நூலிலே சிவப்பும் நீலமுமான தலையெழுத்துகள் அச்சாகி ஒளிர்கின்றன. அச்சிட்டோர் பெயர் ஒரு நூலிலே பொறிக்கப்பட்டமைக்கு மிகப் பழைய எடுத்துக்காட்டுகளுள் அதுவும் ஒன்று. கூட்டன்பேர்க்கின் பெயர் அதிலே இல்லை. அவர் அச்சிட்டதாக இன்று நாம் கொள்ளும் எந்நூலிலுமே அவர் பெயர் இல்லை.

அடுத்த நூற்றாண்டிலே ஜேர்மனியில் இவ்வெழுத்து இன்னும் இரு வடிவங்களைப் பெற்றுவிட்டது. ஒன்று, மக்கள் வழக்கிலே பரவிய உருண்ட ‘ஷ்வாபாகர்’. மற்றையது, ‘பிராக்தூர்’. பின்னையதன் தொட்டில் அரசவை. பேரரசன் மாக்சிமிலியன் தனக்கென அச்சிடுவித்த 1513ஆம் ஆண்டுப் பிரார்த்தனை நூலிலும், தன் வீரபிரதாபங்களைப் பாடுவித்த 1517ஆம் ஆண்டுத் ‘தொயர்தாங்க்’ காவியத்திலும் அது வளர்ந்தது. பெரிய எழுத்துகளின் தொடக்கத்திலே யானையின் துதிக்கைபோலச் சுருண்டு நீளும் வளைவுகள் இதற்கே உரியன. ஜேர்மானியரும் அவற்றை யானைத்துதிக்கை என்றே அழைக்கின்றனர். அரசனின் தற்பெருமைக்காகப் பிறந்த வளைவு என்று அறிந்தபின்னும் அதனைக் கண்டு இன்புறாதிருக்க எம்மால் இயலவில்லை. அரசனுக்காக வெட்டினாலும் வெட்டிய கை தொழிலாளியுடையதல்லவா?

அத்தகைய கையொன்றின் பெயர் எமக்குத் தெரியும். நியூரம்பேர்க் நகரத்து ஹியரோனிமஸ் ஆந்திரே. ஆல்பிறெக்ட் டூரர் மாக்சிமிலியனுக்காக வரைந்த மாபெரும் வெற்றி வளைவுச் சித்திரத்தின் மரக்கட்டைகளை வெட்டியவர் அவரே. டூரரின் நூல்களை அச்சிட்டவரும், பிராக்தூர் எழுத்துக்கு அச்சுரு வெட்டியவரும் அவரே. 1525இல் ஜேர்மன் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது அவர் அவர்கள் பக்கம் சார்ந்து, நகர அதிகாரிகளின் சினத்துக்காளானார். அவ்வாண்டிலே மெம்மிங்கன் நகரிலே விவசாயிகள் வகுத்த பன்னிரு கோரிக்கைகள், பண்ணையடிமைத்தனம் ஒழிக, பொது நிலமும் காடும் ஊருக்கே மீள்க என்பன போன்றவை, சில மாதங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகளாக ஜேர்மன் நாடெங்கும் பரவின. அவையும் இவ்வகை எழுத்திலேயே அச்சாயின. மாட்டின் லூதர் 1522இல் வெளியிட்ட ஜேர்மன் மொழிப் புதிய ஏற்பாடு ஷ்வாபாகரில் அமைந்து, உழவனுக்கும் வாசிக்கத்தக்க நூலாயிற்று. அதே லூதர் 1525இல் கிளர்ந்த உழவரை அடித்தும் குத்தியும் கொல்லுமாறு பிரபுக்களைத் தூண்டிய பிரசுரமும் அதே எழுத்துக் குடும்பத்தைச் சார்ந்ததே. ஒரே ஈயம் இருதரப்புக்கும் உழைத்தது.

இத்தாலியும் பிரான்சும் ஸ்பெயினும் மெல்ல மெல்ல உரோம எழுத்துக்கு மாறின. இங்கிலாந்திலே மாற்றம் சமூகத்தின் மேலிருந்து கீழாக நிகழ்ந்தது. கற்றோர் நூல்கள் உரோம எழுத்துக்கு மாறிய பின்னரும், பதினேழாம் நூற்றாண்டிலே தெருவில் விற்ற கதைப்பாடல் தாள்கள் கோதிக் எழுத்திலேயே வந்தன. ஏனெனில், ஏழைகளின் பிள்ளைகள் முதன்முதலிற் கற்ற அரிச்சுவடி அந்த எழுத்திலேயே இருந்தது. உரோம எழுத்தை வாசிக்கத் தடுமாறியவனும் கோதிக்கை வாசித்தான். இன்று பட்டதாரியின் சுவரிலே பெருமிதத்தோடு தொங்கும் எழுத்து, அன்று கூலிக்காரனின் எழுத்து!

ஜேர்மன் மொழியாளரிடையே இவ்வெழுத்தே தொடர்ந்து நாளாந்த எழுத்தாக இருந்தது. 1848 பெப்ரவரியிலே இலண்டன் நகரத்து அச்சுக்கூடம் ஒன்றிலிருந்து 23 பக்கங்களில் வெளிவந்த கொம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையின் முதற்பதிப்பை எடுத்து நோக்குக: அட்டையும் உள்ளுமாகப் பிராக்தூர். மார்க்ஸ் ஆசிரியராயிருந்த நியூ றைனிஷ் சைற்றுங் பத்திரிகையின் முகப்பும் அவ்வாறே. அரசு அப்பத்திரிகையை நசுக்கியபோது 1849 மே 19ஆந் திகதி இறுதி இதழ் முழுவதும் சிவப்பு மையிலே அச்சாயிற்று. ஹிட்லரின் எழுத்து என்று எமது மாணவன் கூறியது இந்த எழுத்தையே.

அதே இலண்டனில், நாற்பதாண்டு கழித்து, ஆங்கிலேய சோசலிசவாதி ஒருவர் இவ்வெழுத்திலே மனத்தைப் பறிகொடுத்தார். வில்லியம் மொறிஸ் கவிஞர், சித்திர வேலைப்பாட்டாளர், தெருமுனைப் பேச்சாளர். ‘மூலதனம்’ நூலைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலே படித்துப் படித்து அது கிழிந்துபோக, 1884இல் புதிதாகக் கட்டுவித்தவர். மத்தியகாலக் கைவினைஞன் தன் வேலையிலே கண்ட மகிழ்ச்சியை ஆலைத்தொழில் பறித்துவிட்டது என்பது அவருடைய மாறாத வழக்கு. 1891இல் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தை நிறுவி, வாசிக்கமுடியாதது என்ற பழியிலிருந்து கோதிக் எழுத்தை மீட்கப் புறப்பட்டார். மைன்ஸ் நகரத்து ஷோஃபர் முதலிய பழைய அச்சாளரின் எழுத்துகளை ஆராய்ந்து, ‘ட்ரோய்’ என்னும் எழுத்தை வரைந்தார். அகன்று, உருண்டு, நெரிசலின்றி இருப்பது அது. அதன் சிறிய வடிவத்திலேயே 1896இல் சோசரின் படைப்புகள் 87 சித்திரங்களுடன் வெளிவந்தன. கைத்தயாரிப்புக் காகிதம், கையச்சியந்திரம், கைவெட்டு அச்சுரு. காகிதப் பிரதிகள் 425; ஒன்றின் விலை 20 பவுண்.

20 பவுண் அன்றைய ஆங்கிலேயத் தொழிலாளிக்குப் பல மாத வருமானம். மக்களுக்கே கலை என்று முழங்கியவரின் தலைசிறந்த கலைப்பொருள் செல்வரின் அலுமாரிக்குட் சென்று அமர்ந்தது. இம்முரண்பாட்டை மொறிசின் எதிரிகள் மட்டுமல்ல, தோழர்களும் சுட்டிக்காட்டினர். நாமும் அதனை மூடிமறைக்க வேண்டியதில்லை. அதேவேளை, நல்ல கூலியும் நல்ல பொருளும் சேர்ந்தால் விலை ஏறும் சமுதாயத்திலே, மலிவுக்காகத் தரத்தைக் கொன்றுவிடு என்று அவருக்கு அறிவுரை கூறுவதும் எளிதன்று. அவர் அவ்வாண்டு ஒக்ரோபரிலே காலமானார். அச்சகம் மூடப்பட்டபின் அவருடைய கையச்சியந்திரம் வேறு கைக்கு மாறி, ஈற்றிலே கொழும்பிற் பிறந்த ஒரு தமிழரின் இல்லத்துக்கு வந்து சேர்ந்தமை எமது வாசகர் பலர் அறியாத செய்தியாக இருக்கலாம். ஆனந்த குமாரசுவாமி இங்கிலாந்தின் புறோட் கம்டன் கிராமத்திலே வாழ்ந்த காலத்தில், தமது ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ நூலை, மொறிஸ் சோசரை அச்சிட்ட அந்த அச்சியந்திரத்திலேயே அச்சிடுவித்தார். ஆண்டு 1908, பிரதிகள் அதே 425. கண்டிப் பிரதேசத்துக் கொல்லரும் தச்சரும் ஓவியரும் பிரித்தானிய ஆட்சியிலே நலிந்த கதையைக் கூறும் அந்நூலும் அக்கைவினைஞர் எவரும் வாங்கக்கூடியதாக இருக்கவில்லை.

மொறிஸ் இவ்வெழுத்திலே உழைப்பின் அழகைக் கண்டார். ஜேர்மனியிலோ அதே காலத்தில் அதிலே இரத்தத்தைத் தேடினர். விவாதம் பழையது. கேத்தேயின் தாயார் 1794இல் மகனுக்கு எழுதிய கடிதத்திலே, அவனுடைய நூல்கள் இலத்தீன் எழுத்தில் வராததையிட்டு மகிழ்ந்தார். சாதாரண மக்களுக்கு அவ்வெழுத்து உதவாது என்பது அவர் கருத்து. தாயாரின் வாதத்திலே நியாயம் இருந்தது. நெப்போலியனின் படையெடுப்புக்குப் பின்னர் வாதத்தின் குரல் மாறியது. பிராக்தூர் ஜேர்மானிய ஆன்மாவின் எழுத்தென்றும், அந்திக்குவா பகைவரின் எழுத்தென்றும் பேசலாயினர். ஜேர்மன் மொழியின் பேரகராதியைத் தொகுத்த யாக்கோப் கிறிம் இதனை ஏற்கவில்லை. மொழிப்பற்றிலே எவருக்கும் குறையாத அவர் அவ்வகராதியை உரோம எழுத்திலே அச்சிடுவித்தார். பிஸ்மார்க்கோ இலத்தீன் எழுத்தில் வந்த ஜேர்மன் நூலை வாசிக்க மறுத்ததாகக் கூறுவர். 1911இல் உரோம எழுத்துக்கு முதன்மை வழங்குமாறு கோரிய விண்ணப்பம் பாராளுமன்றத்திலே சூடான விவாதத்துக்குள்ளாகித் தோல்வியுற்றது. மோட்டார் வண்டியின் இலக்கத்தகட்டிலிருந்த ஓரெழுத்துக்காக 1958இல் தாரும் தூரிகையும் தூக்கியதைக் கண்ட நாட்டவராகிய எமக்கு இது விளங்காததன்று.

1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர். புதிய அச்சுக்கலையை எழுதிய யான் ட்சிஹோல்ட் கைதாகிச் சுவிற்சலாந்துக்குத் தப்பினார். ‘பியூச்சுரா’ எழுத்தை வரைந்த பவுல் றென்னரும் கைதாகிப் பதவியிழந்தார். ஒபன்பாக் நகரிலே அகன்ற பேனாவோடு வாழ்நாளைக் கழித்து, கோதிக் எழுத்துக்குப் புத்துயிரளித்த றுடோல்ப் கொக் 1934இல் மறைந்தார். அவ்வாண்டுகளிலே ‘தன்னென்பேர்க்’ முதலிய பெயர்களோடு ஒருவகைப் புதிய கோதிக் எழுத்துகள் சந்தைக்கு வந்தன. மயிரிழையுமில்லை, வளைவுமில்லை, துதிக்கையுமில்லை. எல்லாக் கோடும் ஒரே தடிப்பில் விறைத்து நிற்கும். அச்சுக்கோப்பாளர் அவற்றுக்கு இராணுவச் சப்பாத்து எழுத்து என்று பட்டப்பெயர் வைத்தனர். சுவரொட்டியிலும் புகையிரத நிலையப் பலகையிலும் எமது மாணவன் திரைப்படத்திலே கண்டது பெரும்பாலும் இவையே. பேனாவை அறியாத கோதிக் அது. உழைத்த கையின் தடயம் முழுவதும் துடைத்தெடுக்கப்பட்டது. கலைநோக்கில் இதனை விடப் பெரிய அவமதிப்பை அந்த எழுத்துக்கு எவரும் செய்ததில்லை என்பது எமது கருத்து.

அடுத்து நிகழ்ந்தது நகைப்புக்கிடமானது. ஆயின் நகைக்கும் துணிவு எவருக்கும் இருக்கவில்லை. 1937இல் யூதப் பதிப்பகங்கள் பிராக்தூரைப் பயன்படுத்தலாகாதென விலக்கினர். ஜேர்மானியரின் புனித எழுத்து அவர்கள் கையிற் படலாகாது. 1941 ஜனவரி 3ஆந் திகதி மாட்டின் போர்மன் கையொப்பமிட்ட சுற்றறிக்கை ஒன்று வெளிவந்தது. கோதிக் என்று கூறப்படுவது உண்மையில் ஷ்வாபாகர் யூத எழுத்தென்றும், அச்சுக்கூடங்களை யூதர் கைப்பற்றியமையாலேயே அது பரவியதென்றும், இனி உரோம எழுத்தே வழமையான எழுத்தென்றும் அது ஹிட்லரின் பெயரால் அறிவித்தது. அந்தச் சுற்றறிக்கை அச்சான கடிதத்தாளின் தலைப்பே பிராக்தூரில் இருந்தது! கூட்டன்பேர்க் காலத்து ஜேர்மன் நகரங்களிலே யூதர் கைவினைச் சங்கங்களிற் சேரவே அனுமதிக்கப்படவில்லை என்பதை அறிய ஒரு பாடப்புத்தகம் போதும். உண்மையான காரணம் போர்க்களத்தில் இருந்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதி ஜேர்மன் படையின் காலடியிலே கிடந்த ஆண்டு அது. பாரிசிலும் பிரசெல்சிலும் ஒட்டப்படும் கட்டளைகளை அங்குள்ளோர் வாசித்துப் பணியவேண்டும். அந்நாட்டு அச்சகங்களிலோ பிராக்தூர் அச்சுருக்கள் போதியளவு இல்லை. பேரரசுக்குத் தேசிய எழுத்து இடைஞ்சலாயிற்று. உடனே அதனையும் யூதனாக்கிவிட்டனர்.

ஆசிரியர் என்ற வகையிலே எம்மை மிகவும் வருத்துவது அதே ஆண்டு செப்டெம்பரில் வந்த அடுத்த கட்டளை. கூர்கோணங்கள் நிறைந்த பழைய ஜேர்மன் கையெழுத்தைப் பாடசாலைகளிலே கற்பித்தல் நிறுத்தப்பட்டது. 1915 முதல் பிரஷ்யப் பள்ளிகளிலே பிள்ளைகள் பழகிய சூற்றர்லின் என்னும் வடிவமும் அதனோடு போயிற்று. போருக்குப் பின்னரும் அது பொதுக்கல்விக்கு மீளவில்லை. இதன் பயனாக, போர்முனையிலிருந்து பாட்டன் எழுதிய கடிதங்கள் பெட்டிக்குள் இருக்க, தன் தாய்மொழியிலேயே எழுதப்பட்ட அவற்றை வாசிக்க இயலாத பேரப்பிள்ளைகள் ஜேர்மனியிலே வளர்ந்தனர்.

மறுவாரம் வகுப்பிலே நாம் இக்கதையைச் சுருக்கமாகக் கூறினோம். கேள்வி கேட்டவன் போர்மனின் கடிதத்தாளைப் பற்றிக் கேட்டதும் பெரிதாகச் சிரித்தான். பின்னர், அப்படியானால் இன்றைய கும்பல்கள் தம் தலைவனே தடைசெய்த எழுத்தையா உடம்பிலே குத்திக்கொள்கின்றனர் என்று வினவினான். ஆம் என்றோம். சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தவன் கரும்பலகைக்குச் சென்று, சோக்கட்டியைப் பக்கவாட்டிலே பிடித்து, ‘மினிமம்’ என்னும் சொல்லைப் பதினைந்து நிமிர்கோடுகளாக எழுதிவிட்டு வாசிக்கச் சொன்னான். ஒருவராலும் முடியவில்லை. கேள்வி கேட்டவன் எழுந்து சென்று இரண்டு இடங்களிலே புள்ளி வைத்தான்.